எச்சரிக்கை சார் விற்கப் போட்ட இரண்டு இருக்கைகள்

என் அக்காவின் கணவர் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் காகிதத்தைப் படிப்பவர். பொழுதுபோகாமல் படிப்பதல்ல, அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். மாத்திரைப் பெட்டியைத் திறந்ததும் கைக்குக் குறுக்கே வரும், பிரித்தால் மறுபடி மடிக்க வராத, பொடி எழுத்துக் காகிதம் இருக்கிறதே, அது அச்சாவதற்கு முன்னால் அவர் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். யார் சாப்பிடக்கூடாது, எதோடு சேர்த்துச் சாப்பிடக்கூடாது, சாப்பிட்டால் என்னென்ன வரலாம் என்று ஒவ்வொரு வரியின் கீழும் அடிக்கோலை வைத்து நகர்த்திக்கொண்டே பார்ப்பார். எதிரே ஒரு பெண் உட்கார்ந்து மூலப்பிரதியை உரக்கப் படிப்பாள். 'குமட்டல் கமா தலைசுற்றல் கமா அரிதாக மயக்கம் முற்றுப்புள்ளி' என்று அந்த அறையிலிருந்து நாள் முழுக்கச் சத்தம் வரும். வெளியே நிற்பவருக்கு உள்ளே யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்றுதான் தோன்றும்.

அச்சகத்தில் அவருக்கு வைத்த பெயர் எச்சரிக்கை சார். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

"இதையெல்லாம் எவன் சார் படிக்கிறான்? பெட்டியைப் பிரிச்ச உடனே குப்பைக்கூடைதான்" என்று அச்சு இயந்திரம் ஓட்டுபவர் அவரைச் சீண்டுவதுண்டு.

"யாராவது ஒருத்தர் படிப்பாங்க. அவங்களுக்காகத்தான்" என்பார் அத்தான்.

"அந்த ஒருத்தரை இதுவரைக்கும் பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

ஒளிவு மறைவு இல்லாத பதில். அத்தானிடம் எனக்கு முதலில் பிடித்தது இதுதான். பிடித்ததைச் சொல்லவே எனக்குச் சில வருடங்கள் ஆயின என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவரோடு கடைக்குப் போனவர்கள் யாரும் அவ்வளவு சீக்கிரம் அவரைப் பாராட்டிவிட மாட்டார்கள். மின்விசிறி வாங்கப் போனால் விசிறியைப் பார்க்க மாட்டார், உத்தரவாத அட்டையைத்தான் பார்ப்பார். ஒரு கோடைக்காலம் முழுவதும் அவர்கள் வீட்டுக்கூடத்தில் அட்டையை வைத்துத்தான் எல்லோரும் விசிறிக்கொண்டார்கள், எந்த நிறுவனத்தின் விசிறி என்று இன்னும் முடிவாகவில்லை என்பதால்.

அக்காவை முதன்முதலாகச் சந்தித்த அன்றைக்கே தன் குறைகளையெல்லாம் வரிசையாக ஒப்பித்துவிட்டாராம். குறட்டை உண்டு. இடது காது கொஞ்சம் மந்தம். பசித்தால் கோபம் வரும். இந்த வேலையில் பெரிய உயர்வு எதுவும் வராது. அக்கா காபியை ஆற்றிக்கொண்டே கேட்டிருக்கிறாள். "அவ்ளோதானா?" என்றாளாம். அவர் யோசித்துவிட்டு, "இப்போதைக்கு" என்றாராம். அந்த 'இப்போதைக்கு'தான் தன்னை வீழ்த்தியது என்று அக்கா இப்போதும் சொல்வாள்.

அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. வேனுக்குள் எப்போதும் ஒரே பாடகியின் குரல்தான் ஓடும். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு வருகிறதோ இல்லையோ அந்தப் பாட்டுகள் எல்லாம் தலைகீழாக வரும். ஒரு பெற்றோர் புகார்கூடச் செய்தார், வீட்டில் குழந்தை சாப்பிடும்போதும் காதல் தோல்விப் பாட்டுத்தான் பாடுகிறது என்று. அக்கா அடுத்த நாளிலிருந்து கல்யாணப் பாட்டுக்கு மாற்றினாள். குரலை மாற்றவில்லை.

அந்தப் பாடகி ஊரூராகப் பாடிக்கொண்டு வந்தவர், இந்தச் சுற்றோடு மேடையை விடுவதாக அறிவித்துவிட்டார். எங்கள் ஊர் அரங்கில் ஒரு பிற்பகல் நிகழ்ச்சி. டிக்கெட் விற்பனை தொடங்கிய அன்று அத்தான் தன் வாழ்க்கையில் ஒருநாளும் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தார். எதையும் படிக்காமல், யாரையும் கேட்காமல், திரையில் கடைசியாக மிஞ்சியிருந்த இரண்டு இருக்கைகளை அமுக்கி வாங்கிவிட்டார். வீட்டுக்கு வந்து கைபேசியை அக்காவிடம் நீட்டினார். அக்கா அதைப் பார்த்துவிட்டு அடுப்பங்கரைக்குள் போய் வெகுநேரம் குழாயைத் திறந்து விட்டிருந்தாள். அவள் அழுவதை யாரும் கேட்கக்கூடாது என்றால் அப்படித்தான் செய்வாள்.

அந்தச் சந்தோஷம் அதிக நாள் நிலைக்கவில்லை. வேனின் பக்கவாட்டுக் கதவைத் தள்ளித் திறக்க இறங்கியவள் நடைபாதை விளிம்பில் கால் பிசகி விழுந்தாள். கணுக்காலில் முறிவு. முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு. நிகழ்ச்சி நாளில் கட்டு இருக்கும், ஊன்றுகோலோடு நடக்கலாம், படி ஏறவே கூடாது என்றார் மருத்துவர். அவர்கள் டிக்கெட்டோ மேல்மாடத்துக்கு. அரங்கில் மின்தூக்கி கிடையாது. சக்கர நாற்காலிக்கென்று ஒதுக்கிய இடங்கள் எப்போதோ நிரம்பிவிட்டன. கீழ்த்தளத்து இருக்கைகளை மறுவிற்பனையில் போட்டிருந்தார்கள், ஆனால் அந்த விலையைப் பார்த்ததுமே அக்கா கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"வித்துடுங்க" என்றாள். "பரவாயில்ல. தினம் வேன்ல கேக்குறதுதானே."

"சரி, விக்கிறேன்" என்றார் அத்தான்.

எங்கே விற்பது என்பதில்தான் அந்த வீடு இரண்டாகப் பிரிந்தது.

கைவசம் டிக்கெட் மறுவிற்பனைக்கென்று மூன்று இணையதளங்கள் இருந்தன. அவர்களுடைய மகள், கல்லூரியில் படிப்பவள், மூன்றுக்கும் பெயர் வைத்துவிட்டாள். முதலாவது பகட்டு. திறந்தாலே மின்னும். எவ்வளவு விலை வேண்டுமானாலும் போடலாம், 'இப்போது இந்த இருக்கையைப் பலர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று நம்மைப் பதற வைக்கும். இரண்டாவது ஏலம். விலை தானாகவே ஏறும், இறங்கும், வாங்குபவர் யாரென்று தெரியாது. மூன்றாவது வாத்தியார். வாங்கிய விலைக்கு மேல் ஒரு காசு கூடப் போட முடியாது, மூன்று பக்கமும் முகத்தைத் திருப்பிப் படம் எடுத்து அனுப்பினால்தான் உள்ளேயே விடும். வேண்டுமானால் இன்னொருவர் டிக்கெட்டோடு மாற்றிக்கொள்ளவும் அதில் வழி இருந்தது.

"பகட்டுல போடுங்கப்பா. இன்னிக்கே போயிடும்" என்றாள் மகள்.

அத்தான் மூன்று தளங்களின் விதிமுறைகளையும் அச்சகத்தில் தாளில் அச்செடுத்துக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி, அடிக்கோலோடு உட்கார்ந்துவிட்டார். நான் அன்று ஏதோ வேலையாக அங்கே போயிருந்தேன். அக்கா சோபாவில் காலை முக்காலி மேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"உலகத்துலயே இதை முழுசா படிச்ச மொத ஆள் உங்க அத்தான்தான்டா. எழுதினவன்கூட படிச்சிருக்க மாட்டான்" என்றாள் என்னிடம்.

"ஏலத்துல இருபத்துமூணாவது பிரிவைப் பாரு" என்று அத்தான் தாளைத் தூக்கினார். "நம்ம டிக்கெட்டை அவங்க இஷ்டப்பட்ட இன்னொரு சைட்ல கொண்டுபோய் விப்பாங்களாம். நம்மகிட்ட சொல்லக்கூட மாட்டாங்களாம்."

"வித்தா சரிதானேப்பா?"

"யாரு கைக்குப் போகுதுன்னு தெரிய வேணாமா?"

"பொண்ணையா கட்டிக் குடுக்கறீங்க? ரெண்டு சீட்டுப்பா!"

ஏலம் கழிந்தது. பகட்டு கழிந்த விதம் இன்னும் வேடிக்கை. அதில் இருக்கை எப்படிப்பட்டது என்று நாம் எழுத முடியாது, கொடுத்திருக்கும் சொற்களில் ஒன்றைத் தொட வேண்டும். நல்லது, மிக நல்லது, அபாரம். அத்தான் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இதுல 'சுமார்'னு ஒண்ணு இல்லையே" என்றார்.

"'நல்லது'ன்னு அமுக்குங்க."

"அது நல்லதான்னு நமக்கு எப்படித் தெரியும்? நாம இன்னும் உக்காந்தே பாக்கலையே."

மகள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். அக்கா சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்ததும் அவள் முகம் சட்டென்று வாடியதை நான் பார்த்தேன். பக்கத்தில் சின்ன ஒலிபெருக்கி அணைந்து கிடந்தது. கட்டுப் போட்டதிலிருந்து அந்த வீட்டில் பாட்டு ஓடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆக, வாத்தியார்தான். பணம் சீக்கிரம் வரும் என்றோ கட்டணம் குறைவு என்றோ அத்தான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. விற்பவர் தன் பொருளைப் பற்றி எழுதப் பெரிய கட்டம் ஒன்று விட்டிருந்தது அந்தத் தளம் மட்டும்தான். குறை சொல்ல இடம் கொடுத்தார்கள் என்பதற்காக ஒரு கடையைத் தேர்ந்தெடுத்த வியாபாரியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எழுதுவதற்கு முன்னால் அவர் இருக்கைகளைப் பார்த்தாக வேண்டும். மறுநாள் மதிய இடைவேளையில் என்னையும் இழுத்துக்கொண்டு அரங்குக்குப் போனார். மேடையில் யாரோ கம்பிகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசல் காவலாளி எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"டிக்கெட் இருக்குங்க. சீட்டை ஒருவாட்டி உக்காந்து பாத்துட்டுப் போயிடறோம்" என்றார் அத்தான்.

"வாங்கறதுக்கா?"

"விக்கறதுக்கு."

காவலாளிக்கு வந்த சிரிப்பில் கையிலிருந்த சாவிக்கொத்து குலுங்கியது. "வாங்கறவனே வந்து பாக்கல, விக்கறவரு வந்திருக்கீங்க. வாங்க, வாங்க. அப்படி என்னதான் பண்ணப்போறீங்கன்னு நானும் பாக்கறேன்."

மேல்மாடத்துப் படிகள் செங்குத்தாக இருந்தன. அத்தான் முணுமுணுவென்று எண்ணிக்கொண்டே ஏறினார். இடப்பக்கம் கடைசியில், சுவரோடு ஒட்டி, அந்த இரண்டு இருக்கைகளும் ஒதுக்கிவைத்ததுபோல் கிடந்தன. முன்னால் ஒரு தடித்த தூண். அத்தான் முதல் இருக்கையில் உட்கார்ந்தார். இடது பக்கம் சாய்ந்தார், வலது பக்கம் சாய்ந்தார், குனிந்தார், நிமிர்ந்தார். இரண்டாவதில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். மேலேயிருந்து வரும் குளிர்காற்றுக்குக் கையை நீட்டிப் பார்த்தார். பக்கத்துக் கதவைத் திறந்தார், மூடினார். கதவை அடுத்திருந்த கழிப்பறைக்குள் என்னை அனுப்பி, தண்ணீரைத் திறக்கச் சொல்லிவிட்டு இருக்கையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டார்.

"கேக்குதா?" என்று நான் உள்ளேயிருந்து கத்தினேன்.

"லேசா கேக்குது. நீங்க சொல்லுங்க, உங்களுக்கு?" என்று காவலாளியைக் கேட்டார். "எனக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம்."

"கேக்குது, கேக்குது" என்றார் காவலாளி. அவரும் அதற்குள் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

திரும்பி வருகையில், கார் சிக்னலில் நின்றதும் அத்தான், "தூணுக்குப் பின்னாடி அவளைக் கூட்டிக்கிட்டுப் போக இருந்தேன் பாரு. பாக்காம வாங்கிட்டேன்" என்றார். நான் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அது அவ்வளவு சரளமாக வராது.

மறுநாள் மகள் என்னைக் கைபேசியில் அழைத்தாள். குரல் நடுங்கியது, கோபத்தாலா சிரிப்பாலா என்று பிடிபடவில்லை. "மாமா, வாத்தியாரைத் திறந்து பாருங்க. அப்பா போட்டிருக்கிறது விளம்பரமா, மரண வாக்குமூலமான்னு சொல்லுங்க."

பார்த்தேன். இப்படி இருந்தது:

'அடுத்தடுத்த இரண்டு இருக்கைகள். மேல்மாடம், இடக்கோடி. வாங்குவதற்கு முன் முழுவதும் படிக்கவும். மேடையின் இடப்பகுதியைத் தூண் மறைக்கும். பாடகி அந்தப் பக்கம் நகர்ந்தால் குரல் மட்டும் வரும். படிகள் செங்குத்தானவை; கைப்பிடி ஒரு புறம் மட்டுமே. மூட்டுவலி, தலைசுற்றல், உயரத்தைக் கண்டு அச்சம் உள்ளவர்கள் தவிர்க்கவும். குளிர்காற்று நேராகக் கழுத்தில் படும். வெளியேறும் கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் அது திறக்கும்போதெல்லாம் வெளிச்சம் விழும். கதவை ஒட்டிக் கழிப்பறை. தண்ணீர்ச் சத்தம் மெல்லக் கேட்கும் (இருவர் சோதித்தது). இந்த வரிசையில் வேறு இருக்கைகள் இல்லை. எழுந்து போனால் யாரும் எழுந்து வழிவிட வேண்டியதில்லை, யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். கூட்டத்தோடு இருந்து ரசிக்க விரும்புபவர்களுக்கு இது குறையாகத் தோன்றலாம். விற்கும் காரணம்: மனைவியின் கால் முறிவு. அவர் இந்தப் பாடகியை நேரில் கேட்டதில்லை.'

கடைசி வரி ஏன் அங்கே வந்தது என்று மகள் கேட்டதற்கு, காரணத்தைக் கேட்டிருந்த இடத்தில் காரணத்தை எழுதினேன் என்றாராம்.

தொழிலில் ஊறிய பழக்கம் கையை விட்டுப் போகாது. ஒரு பொருளால் வரக்கூடிய தீங்குகளை வரிவரியாகச் சொல்லிவைப்பதே அவருக்குத் தெரிந்த ஒரே மரியாதை. ஆனால் மருந்தை நோயாளி வேறு வழியில்லாமல் விழுங்குவான். பாட்டுக் கச்சேரிக்கு யாரும் அப்படி வருவதில்லை. அதே மேல்மாடத்தில் 'அபாரம்' என்று போட்டவர்களின் இருக்கைகள் பகட்டில் மளமளவென்று போய்க்கொண்டிருந்தன. வாத்தியாரில் இதை ஆட்கள் வந்து படித்தார்கள். படித்துவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும், 'நண்பரே, நீங்கள் நலமா?' என்று கேட்டுச் செய்தி அனுப்பியிருந்தார்.

"தூணை மட்டுமாவது எடுத்துடுங்கப்பா" என்று மகள் கெஞ்சினாள்.

"நான் எடுத்தா அது போயிடுமா?"

நிகழ்ச்சி நெருங்கிவந்தது. விற்காவிட்டால் இருக்கைகள் காலியாகக் கிடக்கும், அவ்வளவுதான். அக்கா அதைப் பற்றி எதுவும் கேட்பதையே விட்டுவிட்டாள். யாராவது பேச்செடுத்தால், "பரவாயில்ல விடுங்க" என்பாள், தட்டில் ஒட்டிய பருக்கையைத் தள்ளுவதுபோல. எத்தனை தடவை பரவாயில்லை என்கிறாளோ அத்தனைக்கும் அவள் முகம் இருண்டுகொண்டே வந்தது. அத்தான் அதைக் கால்வலி என்று எடுத்துக்கொண்டு, வலிமாத்திரைக் காகிதத்தில் 'சோர்வு' என்று பக்கவிளைவு போட்டிருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. எழுதியவர் ஒரு பெண், ரொட்டிக்கடை வைத்திருப்பவர். முதலில் கேள்விகள்தான். கதவு உள்ளே திறக்குமா, வெளியேயா? திறக்கும்போது கிறீச்சிடுமா? கழிப்பறைக்குப் போக வரிசையில் நிற்க வேண்டியிருக்குமா? அத்தான் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். வெளியே. கிறீச்சிடாது, ஆனால் மூடும்போது ஒரு தட்டு உண்டு, கையால் பிடித்துக்கொண்டால் இராது. நிற்க வேண்டுமா என்பது நிகழ்ச்சியன்றுதான் தெரியும், மேல்மாடத்தில் ஆட்கள் குறைவு. இப்படி எழுதும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அச்சகத்தில் உரக்கப் படிக்கும் எதிர்மேசைப் பெண்ணைத் தவிர அவரோடு வரிவரியாக வந்தவர் யாரும் அதுவரை கிடையாது.

அதன் பிறகுதான் அந்த அம்மாள் விஷயத்துக்கு வந்தார். அவர் கணவருக்கு ஒரு சிகிச்சை முடிந்திருக்கிறது. அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும். கால்களுக்கு ஒன்றுமில்லை, படி ஏறுவது அவருக்கு நல்லதுதான். அவர்களிடம் கீழ்த்தளத்தில் நடுவரிசையின் நட்டநடுவே இரண்டு இருக்கைகள் உண்டு, உடம்புக்கு வருவதற்கு முன்னால் வாங்கியவை. ஒவ்வொரு தடவையும் முழு வரிசையையும் எழுப்பிவிட்டுப் போக வேண்டும் என்று கூசிக்கொண்டு மனிதர் வரவே மாட்டேன் என்கிறார். மாற்றிக்கொள்ளலாமா?

மகள் சத்தம் போட்டுப் படித்துவிட்டு மேசையைச் சுற்றி ஓர் ஓட்டம் ஓடினாள். நான் அன்றைக்கும் அங்கேதான் இருந்தேன். ஒருவர் வரிசையாக எழுதிவைத்த குறைகளையே இன்னொருவர் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். அப்படியென்றால் குறை அந்த நாற்காலியில் இருந்ததா, அதில் உட்கார வந்தவரிடம் இருந்ததா என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அதை அங்கே வெளியே விடாமல் இருக்கும் அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது.

ஏனென்றால் அத்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

"அவங்க சீட்டு விலை அதிகம்" என்றார். "நம்மளுது தூணு. அவங்க நடுவுல உக்கார வேண்டியவங்க. அவசரத்துல கேக்கறாங்க. இன்னொரு ரெண்டு நாள் போகட்டும், யோசிச்சுப் பாக்கட்டும்."

"இன்னிக்குள்ள சொல்லணும்னு எழுதியிருக்காங்கப்பா! இல்லேன்னா வேற ஆளைப் பாப்பாங்க!"

"நமக்கு லாபம்னு தெரிஞ்சே எப்படிம்மா கையை நீட்டறது?"

"என்னங்க" என்றாள் அக்கா.

எல்லோரும் திரும்பினோம். அவள் முக்காலியிலிருந்து காலை இறக்கிக் கீழே ஊன்றியிருந்தாள், அப்படி ஊன்றவே கூடாது என்று சொல்லியிருந்தும்.

"எனக்குப் போகணும்."

அத்தான் திகைத்துப் போனார். "நீதானே பரவாயில்லன்ன?"

"ஆமா. பரவாயில்லன்னு சொன்னேன். வீட்டுல பாட்டை நிறுத்தி எத்தனை நாளாச்சு, ஏன்னு யாராவது கேட்டீங்களா?"

"கால் வலிக்குதுன்னு நெனச்சேன்..."

"கால் வலிச்சா காதைப் பொத்திக்குவாங்களா? அந்தக் குரலைக் கேட்டா அழுகை வருதுங்க. அதான் போடல. இந்தம்மா மேடையை விட்டுப் போறாங்க. இதுக்கப்புறம் எங்க போய்க் கேப்பேன்? நான் உங்ககிட்ட நகை கேட்டேனா, நட்டு கேட்டேனா? அந்த அம்மா புருஷனுக்கு வேணும்னு கேக்குறாங்க. நானும் கேக்குறேன். எனக்கு வேணும்."

இவ்வளவு நீளமாகத் தனக்கென்று அவள் கேட்டு நான் பார்த்ததில்லை. அத்தான் அடிக்கோலை எடுத்தார், பிறகு அது எதற்கு என்று தெரியாமல் கீழே வைத்தார்.

"காலை மேல வை மொதல்ல" என்றார்.

கைபேசியை எடுத்து அந்த அம்மாளுக்கு எழுதினார். மகள் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள், நானும் எட்டிப் பார்த்தேன். 'உங்கள் இருக்கைகளின் விலை எங்களுடையதைவிட அதிகம். இந்த மாற்றத்தில் லாபம் எங்களுக்குத்தான். இதைத் தெரிந்துகொண்டுதான் சம்மதிக்கிறீர்களா? எங்களுக்குச் சம்மதம். என் மனைவி மிகவும் ஆசைப்படுகிறார்.'

பதில் உடனே வந்தது. 'தெரிஞ்சுதான் கேக்குறேன் அண்ணே. நீங்க போட்டதை ஒரு வரி விடாம படிச்சிட்டேன். இவர்கிட்டயும் படிச்சுக் காட்டினேன். யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு எழுதியிருந்தீங்களே, அந்த வரியைக் கேட்டப்புறம்தான் வரேன்னாரு.'

அத்தான் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். திரை தானாக அணைந்தது. தட்டி எழுப்பி மறுபடி படித்தார். பிறகு எழுந்து அடுப்பங்கரைக்குள் போனார். குழாய்ச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அதெல்லாம் அவருக்குத் தெரியாது. மூக்கைச் சிந்தும் சத்தம் கூடம் வரைக்கும் வந்தது.

நிகழ்ச்சியன்று நான்தான் அவர்களைக் காரில் கொண்டுபோய் விட்டேன். அக்காவை நடுவரிசைக்குள் கொண்டுபோக வேண்டும் என்பதால் கூட்டம் வருவதற்கு முன்பே போய்விட்டோம். எந்தக் கதவில் வாசற்படி உயரம், எந்த இடத்தில் கம்பளம் சுருண்டிருக்கிறது என்பதெல்லாம் அத்தான் முன்கூட்டியே போய்ப் பார்த்துவைத்திருந்தார். காவலாளி அவரைக் கண்டதும் ஏதோ சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் கையை ஆட்டினார். "சார், சீட்டு வித்துச்சா?"

"மாத்திக்கிட்டோம்."

"யாரு சார் அந்த மகராசன்?"

அந்த மகராசன் பின்னாலேயே நின்றிருந்தார். நல்ல பருமன், மூக்குக்குக் கீழே மாவு தடவியதுபோல் நரைத்த மீசை. பக்கத்தில் ரொட்டிக்கடை அம்மாள்.

"நீங்கதானா அது?" என்று அவர் அத்தான் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எங்க கடைல இவ ரொட்டி விக்கற லட்சணமே போதும், நீங்களும் வந்து குறையை எழுதி ஒட்டுனீங்கன்னா ஒரே வாரத்துல மூடிடலாம் சார்."

"அண்ணே, இவர் பேச்சைக் கண்டுக்காதீங்க. காலைல இருந்து சட்டை மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கறாரு" என்றார் அம்மாள். பிறகு அக்காவின் கட்டைப் பார்த்துவிட்டு, "நடுவுல உக்காருங்க. நல்லா கேளுங்க" என்றார்.

"நீங்களும்" என்றாள் அக்கா. அந்த மனிதர் மேல்மாடத்துப் படிகளில் கைப்பிடி பிடிக்காமல் ஏறினார். ஒரு திருப்பத்தில் நின்று கீழே பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

நான் வெளியே ஒரு மரத்தடியில் காரை நிறுத்திவிட்டுப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். சுவர் வழியாகச் சில நேரம் கைதட்டல் வந்தது. குரல் வரவில்லை.

முடிந்து வெளியே வந்தபோது இன்னும் வெயில் இருந்தது. அக்கா ஊன்றுகோலில் மெதுவாக வந்தாள். கண்கள் வீங்கி, மூக்கு சிவந்து, யாரையும் பார்க்காத ஒரு முகம். பின்னிருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அத்தான் என் பக்கத்தில் ஏறினார்.

"எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"சீட்டு நல்ல சீட்டுதான்" என்று ஆரம்பித்தார் அத்தான். "ஆனா முன்னாடி ஒருத்தர் கொஞ்சம் உயரம். அப்புறம் மைக் ரெண்டாவது பாட்டுல..."

"என்னங்க" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல். "வீடு போற வரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. இன்னும் காதுல இருக்கு."

அத்தான் தன் பக்கத்துக் கண்ணாடியைச் சத்தமில்லாமல் ஏற்றினார். நான் வண்டியை எடுத்தேன். நாற்சந்தியில் வழக்கமாகத் திரும்பும் இடத்தில் திரும்பாமல், சுற்றிப் போகும் சாலையில் விட்டேன். அந்தச் சாலையைப் பற்றி அத்தானுக்குச் சொல்ல நிறைய இருக்கும். பள்ளங்கள் உண்டு, ஓரிடத்தில் வேலை நடக்கிறது, பெட்ரோலும் வீண். அவர் சாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்னால் திரும்பி அக்காவைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.